ஒடிலியா அத்தையின் புயல்

ஆகஸ்ட் 19
எங்கள் புயல் மையத்தின் இந்த ஆண்டுப் புயல் பெயர்ப் பட்டியலின் வால் பக்கம் என் மாமியாரின் பெயரும் இருப்பதை அவரிடம் யார் சொன்னது? நானேதான். மயாமியின் அழகு நிலையங்கள் அத்தனைக்கும் இதற்குள் செய்தி போய்விட்டது.

அக்டோபர் 2
“அந்த நெஸ்டர் எப்ப வருவான்?” என்கிறார் அத்தை. வரிசையில் தனக்கு முந்தைய பெயர் போய்த் தொலையட்டும் என்று காத்திருக்கிறார்.

நவம்பர் 14
நெஸ்டர் வந்து, போய்விட்டான். அடுத்தது ஒடிலியா! இதே பட்டியல் திரும்பிவர ஆறு வருடம் ஆகும். “அப்ப எனக்கு எண்பத்தெட்டு. இருப்பேனோ என்னவோ, மாப்பிள்ளை” என்றபோது அத்தையின் குரல் இறங்கிப்போனது.

நவம்பர் 23
நடுக்கடலில் ஒரு மேகச் சுருள். கரைக்கு வராது. காற்று முப்பத்தொன்பது மைல் வேகம் தொட்டால் பெயர். தொடாவிட்டால் வெறும் எண். காற்றை அளக்கும் விமானம் போகாத தூரம். செயற்கைக்கோள் படத்தை இருவர் தனித்தனியாகப் பார்த்து வேகத்தைக் கணிப்பது எங்கள் வழக்கம். என்னோடு வேலை செய்யும் வேய்லன் நாற்பது என்றான். நான் முப்பத்தைந்து.
“எவேலியோ சொன்னதையே வச்சுக்கலாம்” என்று என்னைக் காட்டினாள் மேலாளர் பிரெண்டா.
மாமியாருக்காகப் பெயர் வைத்தான் என்று பேசுவார்களோ என்ற பயத்தில் குறைத்தேனா? இல்லை. இருக்கலாம்... ஆமாம்!

நவம்பர் 24
‘பதினாறு’ என்ற வெறும் எண்ணோடே அது கடலில் கரைந்தது. அத்தை போனில்: “நம்பரா? நான் என்ன ஜெயில் கைதியா?”
என் மனைவி மைரா: “எங்கம்மாவுக்கு ஒரு அஞ்சு மைல் குடுத்தா உங்க சொத்தா போயிடும்?”

டிசம்பர் 24
கிறிஸ்துமஸ் விருந்து. எல்லாருக்கும் மொறுமொறு பன்றித் தோல். எனக்கு எலும்பு.

பிப்ரவரி 6
புயல் பருவம் முடிந்தபின் ஒவ்வொன்றையும் மறுபடி அலசுவோம். அந்தப் பக்கம் போன சரக்குக் கப்பல் எடுத்த காற்று அளவீடு இப்போதுதான் வந்திருக்கிறது: நாற்பத்தாறு மைல். அட பாவி, பதினாறு புயலேதான்! ஆனால் ஓய்ந்துபோனதற்குப் பெயர் வைப்பதில்லை. ‘பெயரில்லாப் புயல்’ என்றே பதிவாகும். அதையும் என் கையாலேயே எழுத வைத்துவிட்டு வேய்லன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

பிப்ரவரி 8
அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். டக்கென்று போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பிப்ரவரி 15
மைராவை அழைத்துவர அழகு நிலையம் போனேன். தலையில் சுருள் உருளைகளோடு அத்தை முழங்கிக்கொண்டிருந்தார்:
“சாதாரணப் புயல் இல்லடி! என் பேரை வைக்க ஆபீஸ்ல அத்தனை பேருக்கும் பயம். முதல்ல நடுங்கினது யாரு? இதோ நிக்கிறானே, என் மாப்பிள்ளை!”
எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பலமாகத் தலையாட்டினேன்.
காரில் ஏறியதும் அத்தை ஒரு கொய்யாப் பேஸ்ட்ரியை நீட்டினார். பெரியது.