தப்பைப் பாருங்கண்ணா

அண்ணா,

இன்று காலை பனியன் கம்பெனியில், செக்கிங் டேபிளில் விரித்த துணியில் நெடுக ஒரு கோடு. துணி பின்னுகிற மெஷினில் ஓர் ஊசி கெட்டிருந்தால் விழுகிற கோடு. கையால் தடவிப் பார்த்தபோதே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

எண்பதுகளின் கடைசி. ஆதித் திருச்சபைக் காலத்துக் கடிதம் ஒன்றின் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளைப் பற்றி வருடக்கணக்கில் எழுதிய உங்கள் ஆய்வேடு திரும்பி வந்திருந்தது. எந்தப் பிரதியைப் பார்த்து எது எழுதப்பட்டது என்பதற்கு ஆதாரம் போதவில்லையாம். திருத்தித் தர ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் போனால் கல்லூரியில் இருந்த தற்காலிக வேலையும் போய்விடும். அவிநாசிபாளையத்து வீட்டில் நகலெடுத்த தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, "உங்க கம்பெனில எனக்கொரு வேலை கேளு அம்மிணி" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்குக் கிரேக்கம் தெரியுமா, மண்ணாங்கட்டி தெரியுமா. ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். பிரதிகளில் ஒத்துப்போகிற வரிகளைக் குறிப்பதாகச் சொன்னீர்கள்.

"சரியா இருக்கறதை எதுக்குங்கண்ணா பாக்கறீங்க? அது எல்லாத்துலயுந்தான் இருக்கும். தப்பைப் பாருங்க. ரெண்டு துணி ரோல்ல ஒரே எடத்துல கோடு உளுந்திருந்தா, ரெண்டும் ஒரே மெஷின்ல ஓடுனதுங்க."

பேனாவைக் கீழே வைத்தீர்கள். "இது பெரிய பெரிய புஸ்தகத்துலயெல்லாம் இருக்குது அம்மிணி. படிச்சுப்போட்டுக் கோட்டை உட்டுட்டேன்."

அதன்பின் வேலை விட்டு வந்து தினமும் நான் கேட்ட கேள்விகளுக்கு நீங்கள் சலித்ததே இல்லை. ஒரு பிரதியில் ஒரு வரி முழுசாக விட்டுப்போயிருந்தது. அதே வரி இன்னொன்றிலும் இல்லை. பார்த்து எழுதும்போது முதலில் அதை விட்டவனுக்குத் தூக்கமா, பசியா, யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டேன். "அதை மட்டும் யாராலயும் கண்டுபிடிக்க முடியாது" என்றீர்கள். எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. இன்னமும் அப்படித்தான்.

ஆய்வேடு தேறியது. செய்தி வந்த மத்தியானம் மைசூர்பாகோடு கம்பெனி வாசலுக்கே வந்து, செக்கிங் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும், "இந்தப் பட்டத்துல பாதி எந்தங்கச்சிதுங்க" என்றீர்கள். கூச்சத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வேலை நேரத்துல வந்து மானத்தை வாங்காதீங்க, போங்க" என்று விரட்டிவிட்டேன்.

பிறகு பேராசிரியரானீர்கள், எங்கெங்கோ பேசப் போனீர்கள். ஊருக்கு வந்தபோதெல்லாம் பிரதிகளைப் பற்றித்தான் பேசினோம். போன மாதம் உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது அந்த மத்தியானம்தான் கண்முன் நின்றது. அன்றைக்கு நீங்கள் வாசலை விட்டுப் போன பிறகு நான் உள்ளே ஓடி, துணிக் குவியலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன் அண்ணா. சந்தோஷம் தாங்கவில்லை. அதை உங்களிடம் சொல்லவே இல்லை.