மாமன் கையெழுத்து

ஓரிக்கை,
புதன்கிழமை

அன்புள்ள காந்தா அக்காவுக்கு,

தம்பி பிரேம்நாத் எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு இப்போது யோக்கியதை இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். நீ போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் முதலில் பிள்ளை தீபிகா கண்ணில்தான் படும். அதனால் நீ வேலை செய்யும் பள்ளிக்கூடத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து அத்தனை தூரம் பஸ்ஸில் வந்து, உன் மகள் தீபிகாவின் கல்விக் கடன் படிவத்தை என் முன்னால் வைத்தாய். நர்சிங் சீட் கிடைத்துவிட்டது, உன் சம்பளம் போதாது, கூட ஒரு சம்பளக்காரர் கையெழுத்துப் போட வேண்டும் என்றாய். நான் முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். "மாமன்னு சொல்லிக்கினு மேடையில மட்டும்தான் வந்து நிப்பியாடா?" என்று நீ கத்தியது தெருமுனை வரை கேட்டது. சோற்றில் கை வைக்காமல் நீ எழுந்து போனாய் என்று சத்யப்ரியா சொன்னாள். கட்டினவள் முகத்தைக்கூட என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நான் கஞ்சத்தனத்தில் மறுக்கவில்லை அக்கா. என் கையெழுத்து விழுந்தால் அவளுக்குக் கடன் கிடைக்காது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் தீபிகாவின் மஞ்சள் நீராட்டுக்கு மாமன் சீர் கொண்டுவந்தேனே, இருபத்தோரு தட்டு! நான் வேலை பார்க்கும் கடையிலிருந்தே அரக்குப் பட்டு, கழுத்துக்கு ஒரு சங்கிலி, உங்கள் எல்லோருக்கும் துணிமணி. உன் கொழுந்தன் குமாரவேல் வாயடைத்து நின்றதைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனையும் கிரெடிட் கார்டு. போதாததற்கு ஒரு பர்சனல் லோன். புடவை மடித்துப் போடுகிற சம்பளத்துக்கு அது தேவையா? திமிர், வேறென்ன சொல்ல.

வட்டி ஏறிக்கொண்டே போய், ஆறு மாதம் கட்டவே முடியாமல் நின்றுவிட்டேன். வசூல்காரர்கள் கடைக்குள்ளேயே வந்து, முகூர்த்தப் புடவை பார்க்க வந்தவர்கள் எதிரில் என் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். பிறகு சென்னையில் ஒரு கடன் ஆலோசனை மையம் பேங்குகளோடு பேசி, வட்டியைக் குறைத்து, எல்லாவற்றையும் மாதம் ஒரே தவணையாக்கிக் கொடுத்தது. மூன்று வருஷமாக ஒரு மாதம்கூடத் தவறவில்லை. ஒழுங்காகக் கட்டினால் பெயர் தானாகச் சுத்தமாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சீட் கிடைத்ததாக நீ போனில் சொன்ன மறுநாளே இங்கே பேங்குக்கு ஓடினேன். மங்கையர்க்கரசி என்று ஓர் அதிகாரி என் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையை எடுத்துப் பார்த்தார். பழைய ஆறு மாதமும் அதில் அப்படியே இருக்கிறது. கடன் மறுசீரமைக்கப்பட்டது என்ற குறிப்பும் இருக்கிறது. "நீங்க நல்லாதான் கட்டிக்கினு இருக்கீங்க சார். ஆனா உங்க பேரு இதுல இருந்தா பாப்பா லோன் நின்னுடும்" என்றார். தவணை முடிய இன்னும் ஒரு வருஷம். முடிந்த பிறகும் அந்தக் குறிப்பு உடனே போகாதாம். உன்னிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை, முடியாது என்பதுதான் வந்தது.

தீபிகாவின் அப்பா போன பிறகு வீட்டுப் பங்கில் குமாரவேல் உனக்குச் செய்தது அநியாயம்தான். அவனோடு உன் பேச்சை அறுத்துவிட்டவனும் நான்தான். நேற்று வாலாஜாபாத்துக்கு, அவன் ஆபீசுக்கே போய், மன்னிப்புக் கேட்டு, பிள்ளையின் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்டேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை. "நீ கேட்டா போட மாட்டேன். அண்ணி வந்து கேக்கட்டும், போடறேன்" என்றான். படிவம் கொடுக்க அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். உனக்கு எவ்வளவு கசக்கும் என்று தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒருமுறை போய்க் கேள் அக்கா.

மாமா ஏன் போடவில்லை என்று பிள்ளை கேட்பாள். கஞ்சன், மாறிவிட்டான் என்று சொல். சத்யப்ரியா மேல் மட்டும் பழி போடாதே. தீபிகாவுக்குச் செய்த சீரால்தான் இப்படி ஆனது என்று எந்தக் காலத்திலும் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். என்னைத் திட்டிக்கொண்டாவது அவள் நன்றாகப் படித்து வரட்டும். எனக்காக அவள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய். யார் சொல்லி அனுப்பியது என்று சொல்லாதே.

உன் தம்பி,
பிரேம்நாத்