நல்லா இருக்கு என்று சொன்னவர்கள்

முதலியார்பேட்டை, புதுச்சேரி
14-8-1958

அன்புள்ள மகன் இராமதாஸுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவுக்கு விடிகாலை இருமல் மட்டும் வந்து போகிறது, பம்பாய் மழையில் நீயும் சந்திரகலாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கருவடிக்குப்பத்தில் உன் அத்தை செல்வாம்பாள் வீட்டுக்குக் கூரை மாற்றினார்கள், அப்பா மூன்று நாள் போய் நின்றார். உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. இந்த மாதக் கடைசியில் பட்டறை வேலையை விட்டுவிட்டு, சொந்தமாகக் கொட்டகை பிடித்து, ஒரே மூச்சில் இருநூறு மண்ணெண்ணெய் அடுப்பு செய்யப் போவதாக எழுதியிருக்கிறாய். சந்திரகலாவுக்கு ஐந்தாம் மாதம் என்றும் அதே கடிதத்தில்தான் எழுதியிருக்கிறாய். மாதிரி அடுப்பைப் பார்த்தவர்கள் எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்றாங்க என்ற வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். அப்பா மில்லை விட்டு நின்ற வருஷம் நான் இட்லிக் கடை போட்டதும் நன்றாக நடப்பதும் உனக்குத் தெரியும். முதல் மூன்று நாள் நடந்ததை வெட்கப்பட்டு எழுதாமல் விட்டேன். அந்த வருஷம் மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு இரண்டு குண்டான் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் எடுத்துப் போய், தீர்த்தவாரி பார்க்க வந்த மில்காரக் குடும்பங்களுக்கெல்லாம் கொடுத்தேன். மணலில் உட்கார்ந்து சாப்பிட்டு, கடல் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு, மில் வாசல்ல போடுங்க அண்ணி, தினம் வாங்கிக்கிறோம் என்று ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். நம்பி மறுவாரமே பெரிய அண்டா, புது ஆட்டுக்கல் எல்லாம் வாங்கிப்போட்டு, காலைச் சங்கு ஊதுவதற்கு முன்னால் மில் வாசலில் உட்கார்ந்தேன். எல்லாரும் சிரித்தார்கள், சௌக்கியமா என்று கேட்டார்கள், உள்ளே போய்விட்டார்கள். மூன்று நாளும் அப்படியே. மிஞ்சியதை அப்பாதான் மூன்று வேளையும் சாப்பிட்டார்.

நான்காம் நாள், அப்பாவோடு பக்கத்துத் தறியில் நின்ற கோவிந்தராசு என் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல் திரும்பி வந்தார். இட்லி மேல குத்தம் இல்ல அண்ணி, சட்னிக் கையோட தறிகிட்ட போனா துணியில கறை ஏறிடும், மேஸ்திரி விடமாட்டாரு, கை கழுவ குழாயடியில நின்னா சங்கு ஊதிடும் என்றார். கடற்கரையில் சாப்பிட்ட அதே ஆட்கள்தான், அதே இட்லிதான். நான் அவர்கள் நாக்கைக் கேட்டேன், கையைப் பார்க்கவில்லை. முப்பது வருஷம் தறியில் நின்ற மனுஷரை வீட்டில் வைத்துக்கொண்டு இப்படிச் செய்தேன். உங்களுக்குத் தெரியாதா என்று அப்பாவைக் கேட்டால், ஆசை ஆசையா மாவு ஆட்டிக்கினு இருந்த, எப்பிடிச் சொல்றது என்றார். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. அப்புறம்தான் பூவரச இலையில் மடித்த காரக் கொழுக்கட்டை போட்டேன். இலையைப் பிடித்துக்கொண்டே கடித்துச் சாப்பிடலாம், விரலில் ஒன்றும் ஒட்டாது. பெயருக்குத்தான் இட்லிக் கடை, இன்றைக்கும் ஓடுவது கொழுக்கட்டைதான்.

அதனால் வேலையை இப்போது விடாதே. சாயங்காலங்களில் ஒரே ஒரு அடுப்பைச் செய்து, உங்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒரு வீட்டில் கொண்டுபோய் வை. அந்த அம்மா சமைக்கும்போது ஓரமாக உட்கார்ந்து பார், வாயைத் திறக்காதே, எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதே, கேட்டால் பாவம் நல்லா இருக்குது என்றுதான் சொல்லுவாள். எங்கே முகம் சுளிக்கிறாள், எந்த வேலைக்குப் பழைய அடுப்பைத் தேடுகிறாள் என்று பார். ஒரு வாரம் கழித்து அடுப்பைத் திருப்பிக் கேட்டுப் போ. கொடுக்க மனசில்லாமல் இழுத்தடித்தால் அப்போது கொட்டகையைப் பற்றிப் பேசலாம். எடுத்துக்கோ தம்பி என்று துடைத்துக் கொடுத்துவிட்டால் அதுவும் நல்லதுதான், இருநூறு செய்வதற்கு முன்னால் தெரிந்ததே.

சந்திரகலாவை மாடிப்படியில் தண்ணீர்க் குடம் தூக்க விடாதே. வளைகாப்புக்கு அவளை இங்கே அழைத்துவர அப்பா வருவார், தேதியை எழுது. இன்னொன்று. உன் அடுப்பு நன்றாகப் போகும் என்று போன கடிதத்தில் நானும் எழுதியிருந்தேன். நான் அந்த அடுப்பைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை, பிள்ளை ஆசையாகக் கேட்கிறானே என்று எழுதிவிட்டேன். அந்தக் கடிதத்தை எடுத்து அந்த வரியை அடித்துவிடு.

உங்கள் மூன்று பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அம்மா
ராஜாம்பாள்