சத்தமில்லாத தொட்டில்

நாள் 212, காலை

நிலவின் தென்முனைச் சுரங்கக் குடியிருப்பு. மருத்துவ அறைப் பதிவு. எழுதுவது பொற்கலை, ஆய்வக உதவியாளர். மருத்துவர் அடுத்த விண்கலத்தில்தான் வருவார். அதுவரை நான் மட்டும்; எல்லோருக்கும் நான்தான் 'டாக்டரம்மா'.

காற்றழுத்தம் சரி. இருமல்காரர்கள் பதினொரு பேர். சுரங்கத் தூசி உடையோடு உள்ளே வருவதால், இங்கே எந்த இருமலுக்கும் 'தூசி இருமல்' என்றே பெயர். நானும் அப்படியே பதிந்தேன்.

தலைவர் சவரிமுத்துவின் மகளுக்கு இன்று ஒரு மாதம். இங்கே பிறந்த முதல் குழந்தை. வேலை முடிந்து வருகிறவர்கள் அவளைக் கொஞ்ச நேரம் ஏந்திவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார்கள்.

நாள் 214, காலை

எட்டு வயது ரிஸ்வானா வந்தாள். மூச்சுவிட இடைவெளியில்லாமல் இருமி, முகம் சிவந்து, கடைசியில் காற்றை உள்ளே இழுக்கும்போது நீளமாக ஒரு கூவல். பிறகு வாந்தி. உடனே பந்து விளையாடப் போய்விட்டாள். தூசி இப்படிச் செய்யாது. மூக்கின் ஆழத்திலிருந்து மாதிரி எடுத்தேன். கக்குவான் இருமல்.

நாள் 215, மாலை

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கூவல் வராது. வாரக்கணக்கில் இழுக்கும் இருமல் மட்டும். சவரிமுத்துவுக்கு ஐந்து வாரமாக இருக்கிறது. மூக்கு மாதிரியில் ஒன்றுமில்லை. இவ்வளவு நாளானால் கிருமி அங்கே அகப்படுவது அரிது. இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்தது: அவருக்கும் கக்குவான்.

குழந்தைக்கும் இன்றே மருந்து தொடங்க வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். உள்தொடர்பில் அவர் குரலிலேயே பதில் வந்தது:

"எம்மா டாக்டரம்மா, மூக்குல ஒண்ணுமில்லன்னு நீயே சொல்லுத. பெறவு எம்புள்ளைக்கு எதுக்கு மருந்து? அவ ஒரு தடவகூட இருமல. தொட்டில்ல செவி மாட்டிருக்கேன்லா, இருமுனா அது கத்தும்."

செவி, தொட்டிலுக்குள்ளிருந்து இருமல் ஒலி கேட்டால் மட்டும் மணியடிக்கும் கருவி. பச்சைக்குழந்தை இருமாமலே இருக்கலாம். கூவ வலு இராது. மூச்சுதான் நிற்கும். இதை நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். யாராவது குரலை உயர்த்தினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதி அனுப்பினேன். அவர் திறந்து பார்க்கவில்லை.

குழந்தையின் காலில் இரத்த ஆக்சிஜனை அளக்கும் பட்டை கட்ட மட்டும் அனுமதி கிடைத்தது. அளவு பட்டையிலும் என் திரையிலும் தெரியும், மணி அடிக்காது. 90-க்குக் கீழே போனால் ஆபத்து.

நாள் 217, காலை

எனக்கும் இருமல். என் மாதிரியிலும் கிருமி. விதிப்படி ஆய்வகத்துக்குள் அடைந்துகொண்டேன். கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். குழந்தையின் மருந்தை அதற்கு முன்பே வெளியே அலமாரியில் வைத்துவிட்டேன்.

அவள் அம்மா ஜெஸிந்தா கூப்பிட்டார்:

"பால் குடிக்கையில உதடு லேசா நீலமாவுது பொற்கலை. குளிரா இருக்குமோ?"

குளிர் இல்லை, மருந்து அலமாரியில் இருக்கிறது, உடனே கொடுங்கள் என்றேன்.

"அவுக வந்ததும் ஒரு வார்த்த கேட்டுட்டுக் குடுக்கேன்."

நாள் 217, உணவு வேளை

ஆக்சிஜன் 94. 81. மீண்டும் 95. மூச்சு நின்று, தானே திரும்பியது.

ஜெஸிந்தா காய்கறிக் கூடத்தில். அழைப்பை எடுக்கவில்லை. பொதுத் தொடர்பில், தொட்டிலருகே இருந்து சவரிமுத்துவின் குரல்:

"ஏளா ஜெஸிந்தா, செவியில பச்ச வெளக்குதான் எரியுது. புள்ள அசையாம தூங்குது. நீ மெதுவா வா."

76. 70.

ஒலிபெருக்கியை இதுவரை நான் தொட்டதில்லை. அழுத்தினேன். "குழந்தையை" என்றேன். அதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. விடவில்லை. குடியிருப்பு முழுக்க என் இருமல். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து யாரோ:

"டாக்டரம்மாக்கே தூசி ஏறிட்டுடோய்!"

சிரிப்பு. வாந்தி எடுத்தேன். குரல் இல்லை. விரல்கள் மட்டும் ஓடுகின்றன. இந்தப் பதிவு அப்படியே சவரிமுத்துவின் திரைக்கும் போகிறது. திரையைப் பாருங்கள் சார். பட்டையைப் பாருங்கள்.

61.

மறுபடி அழுத்தினேன். இருமல்தான்.

"எம்மா, அந்த மைக்க அமத்து. புள்ள முழிச்சிரும்."

48

முழிக்கட்டும் சார் தூக்குங்கள் அவளை முழிக்க