சைபர் ஒட்டிய பேனல்

போன செவ்வாய்க்கிழமை திருப்போரூர் ஷெட்டுக்குப் போயிருந்தேன். ஒரு கடை முகப்புக்குத் தகடு வெட்டும் வேலை. கைகழுவப் பின்பக்கம் போனால், போர்வெல் மோட்டாருக்கு மேலே மழை மறைப்பாக ஒரு வெள்ளை அலுமினியப் பேனல் கிடக்கிறது. நான்கு ஓரமும் நான்கு அளவு, ஒரு மூலை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு. குனிந்து அடிப்பக்கம் பார்த்தேன். வெயில் படாத இடம் என்பதால் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. அதில் ஒரே ஓர் எண்: 0.

"மேஸ்திரி, இது காயலான் கடைக்குப் போயிடுச்சின்னு சொன்னீங்களே?"

"பசங்க அப்படித்தாம்மா சொன்னானுங்கோ. அப்பாலதான் பாத்தேன், வேலியாண்ட கெடந்துச்சி. சாம்பிள்தானே, நல்ல தகடா கீதேன்னு எடுத்துப் போட்டேன். மூணு வருசமா மோட்டாரு நனையல."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? டீ வந்தது. குடிக்காமலே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

உனக்கு இந்தக் கடிதம் எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. மூன்று வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை, கேட்க நீ இல்லாதபோது சொல்கிறேன். இதில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரியும்.

செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில், துணிக்கடைக்கு மேலே நம் கட்டட டிசைன் ஆபீஸ். நீ மதுராந்தகத்திலிருந்து ரயிலில் வருவாய், நான் பெரிய கடைத்தெருவிலிருந்து நடந்து வருவேன். எட்டு வருடம் அடுத்தடுத்த மேஜை. நோன்பு மாதத்தில் மட்டும் நீ டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவாய். "உன் எதிர துன்னா எனக்குத்தான்டி பேஜாரா கீது" என்பாய். அந்த எட்டு வருடத்தில் நீ வளைத்த கூரைகளுக்குக் கணக்கே இல்லை. எல்லாம் திரையில் சுழன்று, கிளையன்ட் "சூப்பர்" என்று சொல்லி, பிறகு செலவைக் கேட்டதும் சமதளக் கூரையாகிப் போனவை. "நான் கட்டினதெல்லாம் படந்தான்டி" என்று சிரித்துக்கொண்டே சொல்வாய். சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்து வந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசியில் ஒன்று மாட்டியது. மாமல்லபுரம் தாண்டிக் கடலைப் பார்த்த ஓட்டல் ஒன்று, அதன் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூரை. இருநூற்றுப் பதினாறு பேனல், ஒன்றைப் போல இன்னொன்று கிடையாது. நீ எதையும் தனித்தனியாக வரையவில்லை. நான்கைந்து எண்களை வைத்து மொத்தக் கூரையையும் கட்டினாய். ஓர் எண்ணை நகர்த்தினால் எல்லாப் பேனலும் தாமாகவே தம் வளைவை மாற்றிக்கொள்ளும். திரையில் அந்த எண்களை நகர்த்தும் ஸ்லைடர்களுக்கு நீ வைத்த பெயர்கள்! உயரத்துக்கு 'தொப்பை', ஒடுங்கும் இடத்துக்கு 'இடுப்பு'. ஓட்டல் மேனேஜர் பின்னால் நிற்பது தெரியாமல் நான் "தொப்பையை இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுமா?" என்று கேட்க, அந்த மனிதர் தன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நீ மேஜைக்கடியில் பேனா தேடுவதுபோல் குனிந்தவள் ஐந்து நிமிடம் எழுந்திருக்கவே இல்லை.

நோய் தெரிந்தது அந்தக் கூரை முடிவான பிறகுதான். இரத்தப் புற்று. பெட்டில் படுத்துக்கொண்டு எனக்குப் போன் பண்ணி நீ கேட்டதெல்லாம் கூரையைப் பற்றித்தான். எல்லாப் பேனலும் ஏறி மூடிய பிறகு அதன் கீழே ஒருமுறை நிற்க வேண்டும், அவ்வளவுதான் உன் ஆசை. டாக்டர்கள் உன் அண்ணனிடம் சொன்ன கெடுவை நீயும் கேட்டிருந்தாய்.

ஷெட்டுக்குப் பேனல் லிஸ்ட் அனுப்பும் வேலை என்னுடையது. மென்பொருள் சைபரிலிருந்துதான் எண்ணும். முதல் பேனல் சைபர், கடைசிப் பேனல் இருநூற்றுப் பதினைந்து. ஷெட்டிலோ முதலில் ஒரு சாம்பிள் வெட்டி, அதற்குத்தான் சைபர் என்று எண் போடுவார்கள். அளவு பார்த்துவிட்டு ஓரமாகப் போட்டுவிடுவார்கள், அதை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. அவர்களோடு முன்பு ஒருமுறை பட்ட அனுபவம் உனக்கு இருந்தது. அதனால்தான் அத்தனை தடவை சொன்னாய்: "சைபர்னு போட்டா சாம்பிள்னு தூக்கிக் கடாசிடுவாங்கடி. எல்லாத்துலயும் ஒண்ணு கூட்டிட்டு அனுப்பு."

ஒரு நிமிட வேலை. ஒரே இடத்தில் ஒன்றைக் கூட்டினால் போதும், மொத்த லிஸ்டும் மாறிவிடும். அன்றைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம், தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்க அம்மா கீழே வந்து காத்திருந்தாள். லிஸ்டை அப்படியே அனுப்பிவிட்டு இறங்கிப் போனேன். திங்கட்கிழமை திருத்தி அனுப்பலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை மறந்தே போய்விட்டேன்.

புதன்கிழமை நீ போன் பண்ணினாய். "சைபர மாத்திட்டியா?"

"மாத்திட்டேன்" என்றேன். அப்போதாவது ஷெட்டுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். மானம் தடுத்தது, வேறொன்றுமில்லை.

பேனல்களை எதிர்க்கோடியிலிருந்து மாட்டிக்கொண்டு வந்தார்கள். கடல் பக்கத்து மூலையில் ஓர் ஓட்டை மிச்சம். ஷெட்டில் கேட்டால், சாம்பிள் காயலான் கடைக்குப் போய்விட்டது என்று கைவிரித்தார்கள். திரும்ப வெட்டி, வளைத்து, அதே வெள்ளை பூசி வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை நீல தார்ப்பாயை இழுத்துக் கட்டிவைத்தார்கள். அந்த வாரம்தான் உன் அண்ணன் உன்னைக் காரில் வைத்து அழைத்து வந்தான். இன்னும் முடியவில்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், நீ கேட்கவில்லை.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாய். மற்ற இருநூற்றுப் பதினைந்தையும் நீ பார்த்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. நேராக மூலைக்குத்தான் பார்வை போனது.

"அங்க இன்னாடி ஆச்சு?"

சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பாய், அவ்வளவுதான். மறுபடியும் பொய்தான் வந்தது. "காத்துல வளைஞ்சிடுச்சி. கழட்டிட்டாங்க, புதுசா வெட்டச் சொல்லிக்கீது" என்று சொன்னேன்.

"கடல் காத்தா?"

"ஆமா."

நீ தார்ப்பாய் படபடப்பதைப் பார்த்தாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்: "அப்ப நான்தான் மூலைய மெல்லிசா வுட்டுட்டேன் போலகீது."

அதற்குப் பிறகு பதினொரு நாள் இருந்தாய். அந்தப் பதினொரு நாளும் மடிமேல் லேப்டாப். ஊசி குத்தாத கையால் ஸ்லைடரை நகர்த்திக்கொண்டே இருந்தாய் என்று உன் அண்ணன் சொன்னான். நான் பார்க்க வந்த இரண்டு தடவையும் திரையை என் பக்கம் திருப்பி, "எங்க தப்புன்னு நீயாச்சும் பாருடி" என்று கேட்டாய். தேடுவதுபோல் பார்த்தேன். இல்லாத தப்பை உன்னோடு சேர்ந்து நானும் தேடினேன். இதைவிடக் கேவலமான ஒன்றை நான் செய்ததில்லை, இனிமேல் செய்யவும் முடியாது.

நீ போய் ஒன்பதாம் நாள் புதுப் பேனல் வந்தது. முதல் தடவையிலேயே கச்சிதமாக உட்கார்ந்தது. மாட்டியவர்கள் கைதட்டினார்கள். நான் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மோட்டார்மேல் கிடந்த பேனலையும் கிளம்பும் முன் டேப் வைத்து அளந்தேன். நான்கு ஓரம், இரண்டு குறுக்களவு. எல்லாம் நீ கொடுத்த அளவுதான். மூன்று மழைக்காலம் வெட்டவெளியில் கிடந்தும் கோணவில்லை. உன் மூலை சரியாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல அன்றைக்கே உன் அண்ணனுக்குப் போன் போட்டேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "இப்ப இன்னாத்துக்கு அதெல்லாம்? வுடு" என்று வைத்துவிட்டான். திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலை.

உன் லேப்டாப் என்னிடம்தான் இருக்கிறது. வேலைக்கு ஆகுமே என்று அவன் அப்போதே கொடுத்துவிட்டான். அதில் 'மூலை 1' முதல் 'மூலை 41' வரை கோப்புகள் இருக்கின்றன. கடைசியானதை ஒரே ஒரு தடவை திறந்தேன். ஓரத்தில் எனக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தாய்: "தப்பு என்னுதுதான். மேஸ்திரிய திட்டாத. இனிமே காத்துக் கணக்க நீ பாத்துக்கோ." எண்கள் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும்படி நீயே ஒன்றைக் கூட்டியும் வைத்திருந்தாய். நான் மறந்துவிடுவேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. பொய் சொல்வேன் என்றுதான் தெரியவில்லை.

பேனலை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி, சின்ன வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். எங்கேயும் வைக்க முடியவில்லை. வீட்டுச் சுவரெல்லாம் நேர்ச்சுவர், எதில் சாய்த்தாலும் ஒரு மூலை தூக்கிக்கொள்கிறது. அம்மா இரண்டு தடவை இடித்துக்கொண்டாள், இது எதற்கு என்று தினமும் கேட்கிறாள்.

அவளுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். உனக்குத்தான் ஒரு பதில் பாக்கி. சைபரை மாற்றிவிட்டாயா என்று கேட்டாயே, இல்லைடி. நான் மாற்றவில்லை.