பெண்கள் பக்கத்தில் ஒரு சுருட்டு

11-3-1956, ஞாயிறு. திண்டிவனம்.

சினிமாக் கொட்டகைக்குள் புகைபிடிப்பவர்களைப் பிடிக்க போலீஸ் ஸ்டேஷனிலிருந்து இன்று என்னை அனுப்பினார்கள். பகல் ஆட்டம். பெண்கள் பக்கம் ஒரு நெருப்புப் புள்ளி தெரிந்தது. வேர்க்கடலை மண்டியில் மல்லாட்டை உரிக்கும் கூலிக்காரி ஒருத்தி, கையில் சுருட்டு. வெளியே அழைத்து வந்தேன்.

"உள்ள புடிக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, தெரியாதா? வெளிய வந்து புடி."

"வெளிய புடிச்சா ஊரே பாக்குங்க. வூட்ல புடிச்சா புருஷன் ஒதைக்கிறான். இந்த இருட்டு ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் சர்க்காரு எடுத்துக்கினா நான் எங்க போறது?"

உள்ளே போய்ப் படம் பார்க்கச் சொன்னேன். அவள் போகவில்லை. சுருட்டை அணைத்து மடியில் முடிந்துகொண்டு வெயிலில் நடந்தாள். டீக்கடை வாசலில் ஆண்கள் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். தலைகுனிந்து அவர்களைக் கடந்து போனாள்.

திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு என்ன சொல்லியிருப்பேன்?