நாற்பத்து மூன்று

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதலில் விஷயம். மாஸ்டர் வருகிறார்.

நமக்கு யோகா சொல்லிக்கொடுத்த அதே மாஸ்டர்தான். வேலைக்குப் போகும் முன் வாரத்தில் மூன்று காலை நான் பிள்ளைகளுக்கு யோகா சொல்லிக்கொடுக்கிற அந்தப் பள்ளிக்கூடத்துக்கு. பெற்றோர் கூட்டத்தில் பேச தலைமையாசிரியை கூப்பிட்டிருக்கிறார். இருநூறு பிள்ளைகளை ஒரே நேரத்தில் குனியவைத்து ஏதோ சாதனை நிகழ்ச்சியாம். பெற்றோர் சரியென்றால் அடுத்த மாதத்திலிருந்து என் வகுப்பு அவர் கையில்.

என் வகுப்பில் சாதனை கிடையாது. இருபத்திரண்டு பிள்ளைகள். பரீட்சை என்றாலே வாந்தி எடுத்த ஒருத்தி, இப்போது வயிற்றில் கைவைத்து நாலு மூச்சு விட்டுவிட்டுப் பேனாவைத் தொடுகிறாள். கைநீட்டியே பழகின ஒருவன், கோபம் வந்தால் சுவரோரம் போய் ஒற்றைக்காலில் நிற்கிறான். விதி இரண்டே இரண்டு. கேட்காமல் யாரையும் தொடக்கூடாது. 'போதும்' என்றால் அந்த நொடியே கையை எடுக்க வேண்டும். எனக்கும் சேர்த்துத்தான். ஒருநாள் மறந்துபோய் ஒருத்தியின் தோளை நிமிர்த்திவிட்டேன். "கேட்டீங்களா சார்?" என்றாள். எட்டு வயசு. குட்டி வக்கீல் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். உனக்குப் பதின்மூன்று, எனக்குப் பத்து. யோகா போட்டிக்கு முந்தின வாரம். நீ காலை நீட்டிக் குனிந்திருந்தாய். அவர் உன் முதுகில் இரண்டு கையையும் ஊன்றினார். அறுபது வரை எண்ணச் சொன்னது என்னை. மூன்று தடவை "போதும் மாஸ்டர்" என்றாய். நாற்பத்து மூன்றில் கத்தினாய். "சும்மா விரல் வெச்சேன், பொண்ணு பயந்துட்டா" என்று அப்பாவிடம் சொன்னார். இன்றைக்கும் ஊரெல்லாம் அதையேதான் சொல்கிறார்.

விரலாம். நான் தராசு ரிப்பேர் பார்க்கிறவன். எனக்கு எண் வேண்டும். இந்தத் தடவை எடுத்துக் காட்டுகிறேன்.

உன் பழைய எக்ஸ்ரே அம்மாவின் பெட்டியில் இருக்கிறது. எடுத்துக்கொள்ளவா?

தம்பி

*

பிப்ரவரி 13

டேய் திருகாணி,

சௌக்கியமான்னு ஒரு வார்த்தை கேட்டா உன் சொத்தா கரைஞ்சிடும்? நான் நல்லாத்தான் இருக்கேன். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்னே வேலை. உட்கார்ந்தால்தான் வலி, அதனால் எனக்குத் தோதான வேலை. முதலாளி போன வாரம் ஒரு உயர ஸ்டூல் வாங்கிப் போட்டார். அதில் என் பையைத்தான் வைக்கிறேன்.

என் முதுகுக்குள்ளே ரெண்டு திருகாணி, வெளியே நீ ஒண்ணு. உள்ளே இருக்கிறது ரெண்டும் சும்மாத்தான் இருக்கு. நீதான் குத்திக்கிட்டே இருக்கே.

உன் வகுப்பைக் காப்பாத்திக்கோ. தலைமையாசிரியைகிட்ட தைரியமா பேசு. ஆனால் எக்ஸ்ரேயைத் தொடாதே. அது என் உடம்பு. மாஸ்டரை நான் பார்த்துக்கறேன். பதினோரு வருஷமா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. பட்டறையில் கையைக் காலை வெட்டிக்காதே.

அக்கா

*

பிப்ரவரி 17

அக்கா,

என்ன பார்த்துக்கொண்டாய்? அந்த ஆள் கார் வாங்கினார், மையம் திறந்தார், பொன்னாடை போர்த்திக்கொண்டார். நீ நின்றபடி மாத்திரை எண்ணிக் கொடுக்கிறாய். இதற்குப் பேர் பார்த்துக்கொள்வதா?

நான் செய்யப்போவது இவ்வளவுதான். மேடையில் மூட்டை நிறுக்கிற மேடைத் தராசு ஒன்றை வைப்பேன். அதன்மேல் நானே உட்கார்ந்து குனிவேன். என் எடையைக் கழித்து பூஜ்யத்தில் நிறுத்திவிட்டால், அதன்பிறகு ஏறுவதெல்லாம் அவர் கை. எண் பெரிய எழுத்தில் பெற்றோர் பக்கம் தெரியும். உன் படமும் திரையில் வந்தால் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

எக்ஸ்ரேயை எடுத்துவந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. உனக்காகத்தான்.

தம்பி

*

பிப்ரவரி 20

தம்பி,

போதும்.

அக்கா

*

மார்ச் 3

அன்பு அக்காவுக்கு,

முடித்துவிட்டேன்! நிதானமாகச் சொல்கிறேன், ரசித்துப் படி.

மாஸ்டர் வெள்ளை ஜிப்பாவில் வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. "பிள்ளைகளை வளைக்கிறது வாத்தியார் கையில் இருக்கு, நான் சும்மா விரல் வைப்பேன், அவ்வளவுதான்" என்று பேசினார். சபை கைதட்டியது. நான் எழுந்தேன். "மாஸ்டர், அந்த விரலை எல்லாருக்கும் ஒரு தடவை காட்டுங்களேன். நானே குனியறேன்." மேடை என்றால் அவருக்கு எப்போதும் சபலம்தானே. உடனே ஜிப்பாக் கையை மடித்துவிட்டார். தராசைப் பார்த்து, "இது என்னப்பா புது மேடை?" என்று சிரிக்கவேறு செய்தார்.

உட்கார்ந்து குனிந்தேன். பூஜ்யம். என் பிள்ளைகளை எண்ணச் சொன்னேன். முதலில் பன்னிரண்டு கிலோ. இருபதாவது எண்ணிக்கையில் இருபத்தைந்து. முப்பதைத் தாண்டினபோது முன்வரிசையில் ஒரு அம்மா "ஐயோ" என்றது எனக்கே கேட்டது. எனக்கும் உயிர் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பத்து மூன்று வரை பொறுத்தேன். அப்புறம் சொன்னேன்: "போதும் மாஸ்டர்."

என்ன செய்தார் தெரியுமா? பழக்கதோஷம். "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லி அழுத்தினார். தராசு நாற்பத்தாறு காட்டியது. என் பிள்ளைகள் எண்ணுவதை நிறுத்திவிட்டு இருபத்திரண்டு பேரும் கத்தினார்கள்: "போதும்னு சொல்லிட்டாரு! கையை எடுங்க!"

அந்த வயதில் உன் எடை முப்பத்து நாலு. அதையும் சொன்னேன். உன் எக்ஸ்ரேயைத் திரையில் போட்டேன். இரண்டு திருகாணியும் சுவர் உயரத்துக்கு நின்றன. மாஸ்டர் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அழுதார், எல்லார் முன்னாலும். சாதனை நிகழ்ச்சி ரத்து. என் வகுப்பு என்னிடமே.

குட்டி வக்கீல் மட்டும் வெளியே வரும்போது, "உங்க அக்காவைக் கேட்டுட்டுத்தானே சார் அந்தப் படத்தைப் போட்டீங்க?" என்றாள். நேரமாச்சு, வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டேன்.

சந்தோஷம்தானே? உடனே எழுது.

உன் அன்புத் தம்பி

*

மார்ச் 21

தம்பி,

நீ ரெண்டு தடவை எழுதிக் கேட்டதால் இது.

மாஸ்டர் எனக்கு வருஷத்துக்கு ஒரு கடிதம் போடுவார். எனக்குப் பதினெட்டு ஆன வருஷத்திலிருந்து பதினொண்ணு வந்திருக்கு. யார்கிட்டயும் சொன்னதில்லை. ஊரில் பேசுகிற பேச்சு வேறே, எனக்கு எழுதுகிறது வேறே. "எண்ணின சத்தம் காதிலேயே இருக்கும்மா. மன்னிச்சேன்னு வேண்டாம், திட்டியாவது ஒரு வரி எழுது." எல்லாத்தையும் பிரிச்சுப் படிப்பேன். ஒண்ணுக்கும் பதில் போட்டதில்லை. கார், பொன்னாடை எல்லாம் இருந்தும் அந்த ஒரு வரி இல்லாமல் அவருக்குத் தொண்டையில் சோறு இறங்கலை. அதைத்தான் நான் பார்த்துக்கிட்டிருந்தேன். அது ஒண்ணுதான் என் கையில் இருந்தது.

போன வாரம் பன்னிரண்டாவது வந்தது. "சபையில் எல்லார் முன்னாலும் பட்டுத் தீர்த்துட்டேன். மனசு லேசாயிடுச்சு. இனி உன்னைத் தொந்தரவு பண்ணமாட்டேன்" என்று எழுதியிருக்கார். எழுத்தே நிமிர்ந்திருக்கு.

நீ அவரை விடுதலை பண்ணிட்டே.

அந்தப் பிள்ளைகளைக் காப்பாத்தினது சரி. நானே வாயைத் திறந்திருக்கணும், அது என் தப்பு. ஆனால் நாற்பத்தாறுங்கிற எண்ணோட நிறுத்தியிருக்கலாமே. என் முதுகை எதுக்கு ஊருக்குக் காட்டினே? நான் போதும்னு எழுதினேன். அது உனக்குக் கிடைச்சது.

அன்னிக்கு நான் மூணு தடவை போதும்னு சொன்னப்போ எண்ணிக்கிட்டிருந்தது நீ. சின்னப் பையன், பயந்துபோய் எண்ணியிருப்பான்னு நினைச்சு, ஏன் நிறுத்தலைன்னு ஒருநாளும் உன்னைக் கேட்டதில்லை. இப்போ உனக்கு இருபத்தாறு வயசு.

இனி நீ எழுது. ஒண்ணு விடாமல் பிரிச்சுப் படிப்பேன்.

அக்கா

*

அடுத்த ஆண்டு, ஏப்ரல் 9

அக்கா,

இது எட்டாவது கடிதம். முன்னெல்லாம் நியாயம் எழுதினேன், அப்புறம் மன்னிப்பு எழுதினேன். எக்ஸ்ரேயைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட சீட்டு மட்டும் திரும்பி வந்தது. உன் கையெழுத்தை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாஸ்டரை மருத்துவமனை வாசலில் பார்த்தேன். நன்றாகத் தூங்கி எழுந்தவர் மாதிரி இருந்தார். "அக்கா சௌக்கியமா?" என்று அவரே கேட்டார். பக்கத்துச் சுவரில் ஓங்கிக் குத்தினேன். விரல் வீங்கியிருக்கிறது. ஒற்றைக்காலில் நிற்கும் என் மாணவனுக்கு இருக்கிற புத்தி எனக்கு இல்லை.

வகுப்பில் குட்டி வக்கீல் என் கைக்கட்டைப் பார்த்தாள். "யாருகிட்ட கோபம் சார்?" என்றாள். அந்தப் பிள்ளையிடம் பொய் வரவில்லை. அக்கா பதில் போடுவதில்லை என்றேன். "எத்தனை தடவை எழுதினீங்க?" ஏழு என்றேன். வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டாள்.

"அவங்க போதும்னு சொல்றாங்க சார். இன்னுமா கையை எடுக்கலை?"

எடுத்துவிட்டேன்.

தம்பி